பின்பக்கத்து ஜே

அவரை யாரும் ஜே என்று கூப்பிட்டதில்லை. வீட்டில் சீலன், ஒர்க்‌ஷாப்பில் சீலண்ணன், சர்ச் சந்தா ரசீதில் மட்டும் ஜெயசீலன். எனக்கு வெறும் ‘ஏங்க’. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இந்தப் பெண்தான் காரில் ஏறினதிலிருந்து ஜே சார், ஜே சார் என்கிறாள், நேற்று சாயங்காலம் அவரோடு காபி குடித்தவள் மாதிரி. சம்யுக்தா என்று பேர் சொன்னாள். ரிஷபா மோட்டார்ஸில் விளம்பரப் பிரிவு, பொள்ளாச்சிப் பெண். இவளுடைய அம்மாவே பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கக்கூடிய காலத்தில் செத்துப்போன மனுஷன் அவர். நல்ல பெண்தான். கதவில் மாட்டாமல் என் முந்தானையை எடுத்து உள்ளே விட்டாள், ஏசி ஜாஸ்தியா இருக்குதுங்களா ஆன்ட்டி என்று கேட்டாள். இல்லை என்றேன். குளிர்கிறது, ஆனால் சொல்லப் பிடிக்கவில்லை. வண்டியில் சத்தமே இல்லை. மின்சார வண்டி. சுங்கம் ரவுண்டானா தாண்டியும் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை, வெளியே மரம் நகர்வதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவர் காதால் ஓட்டுகிற ஆள். தெருமுனையில் ஒரு வண்டி திரும்பினால் சோற்றைப் பிசைந்துகொண்டே, இவனுக்கு ஒரு சிலிண்டர் வேலை செய்யலை என்பார். இந்த வண்டிக்குள் உட்கார்ந்து அவர் எதைக் கேட்டிருப்பார். முன் சீட்டின் முதுகில் ஜே என்று அந்த எழுத்து. கதவைத் திறந்தால் காலடியில் வெளிச்சமாக அந்த எழுத்து. நான் அதை மிதித்துத்தான் ஏறினேன். புது ரிஷபா ஜே. இன்றைக்கு கொடிசியா அரங்கத்தில் வெளியிடுகிறார்கள். அவருடைய மனைவி என்று என்னை அழைத்துப் போகிறார்கள். விற்பனைக்கு வருகிற முதல் வண்டியின் பின்பக்கத்தில் அந்த எழுத்தை நான் என் கையால் ஒட்ட வேண்டுமாம். என் மகள் பியூலா ஆஸ்திரேலியாவிலிருந்து போன் பண்ணிச் சொன்னாள், போயிட்டு வாம்மா, அப்பாவுக்குச் செய்யற மரியாதைதானே என்று. அவளுக்கு அப்பா முகம் ஞாபகமில்லை. எழுத்துதான் ஞாபகம்.

ரிஷபா என்றால் அன்றைக்கு டாக்டர்களும் மில்காரர்களும் வாங்குகிற வண்டி. கனமான, அகலமான, அவசரமே இல்லாத வண்டி, முன்னால் ஒரு காளைத் தலை. கம்பெனியை ஆரம்பித்த பெரியவர் அப்படித்தான் விரும்பினார். அவருடைய மகன் விஜயரங்கன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தார், அமெரிக்காக்காரன் வண்டிகளின் படங்களை ஆபீஸ் சுவர் முழுக்க ஒட்டினார், இந்தக் காளையை ஓட வைக்கிறேன் பார் என்று ஆரம்பித்தார். அதே உடம்பு, அதற்குள் பெரிய எஞ்சின், கறுப்பு பெயிண்ட், பின்னால் சிவப்பில் ஏதாவது ஓர் எழுத்து. அமெரிக்காவில் அப்படித்தானாம். வண்டி ஒன்றுதான், பின்னால் எழுத்து மாறினால் விலை மாறும், வாங்குகிறவனுடைய நடையே மாறும். சோழவரத்தில் கார் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை அதற்காகத்தான் கோயமுத்தூருக்குக் கூட்டி வந்தார். முதலாளி மகன், வேலைக்காரன் என்கிற வித்தியாசமெல்லாம் இல்லை, ஒரே தட்டில் பரோட்டா பிய்த்துத் தின்கிற சிநேகம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விஜயரங்கன் எத்தனையோ ராத்திரி மீன்குழம்பு சாப்பிட்டிருக்கிறார். வீட்டில் சொல்லிவிடாதீர்கள் என்பார், அங்கே சைவம். மேஜைக்கு மேலே எஞ்சின் பேச்சு. மேஜைக்கு அடியில் என் வீட்டுக்காரருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும், இல்லாத ஒரு மிதியை. நான் பரிமாறும்போது பார்ப்பேன். தனியாக இருக்கும்போது சொல்வார், “ஓடறதை யாரு வேணா ஓட வெச்சரலாம் சலோமி. இந்த எடைக்கு, இந்த வேகத்துக்கு, நிக்கோணுமல்ல.” பழைய வண்டியின் பிரேக்கையே இதற்கும் போட்டிருந்தார்கள். சமதரையில் பிடிக்கும். மலை இறக்கத்தில் சூடேறிவிட்டால் மிதி அப்படியே கீழே போய்விடும், கால் பலகையைத் தொடும், வண்டி நிற்காது. முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வேண்டும் என்று கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். மேலே வேண்டாம் என்கிறார்கள் என்பார் ராத்திரி வந்து. மேலே என்றால் யார் என்று நான் கேட்டதில்லை. பெரியவர் என்றுதான் நினைத்தேன். கரைந்துபோன சோப்பைப் புதுச் சோப்போடு ஒட்டித் தேய்க்கிறவர் என்று அவருக்கு ஊரில் பேர். வேறு யார் வேண்டாம் என்பார்கள்.

லட்சுமி மில்ஸ் சிக்னல். நின்றுவிட்டோம் என்று நினைக்கிறேன். மேம்பாலத் தூணுக்கு அடியில் ஒரு பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் நாங்கள். நிற்கிறது, நன்றாகத்தான் நிற்கிறது. டிரைவர் காலைப் பார்க்கிறேன். எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் எனக்குக் கண் அங்கேதான் போகும், பஸ்ஸில்கூட. அவர் செத்த அன்றைக்கு மலைப்பாதையில் பர்லியாருக்கு மேலே எந்த வளைவில் மிதி கீழே போனது என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. குன்னூரிலிருந்து சோதனைக்காக இறக்கிக்கொண்டு வந்தார், தனியாக. எனக்கு அந்த வளைவு வேண்டாம், விழுந்த இடம் வேண்டாம். மிதி கீழே போன அந்த ஒரு நொடிதான் திரும்பத் திரும்ப வருகிறது. கால் அழுத்துகிறது, கீழே ஒன்றுமில்லை. தூக்கத்தில் படியில் கால் தவறுவோமே, அப்படி. அவர் என்ன நினைத்திருப்பார். என்னையோ குழந்தையையோ நினைத்தார் என்று பாஸ்டர் சொன்னார். இல்லை. எனக்குத் தெரியும். சொன்னேனேடா என்றுதான் நினைத்திருப்பார். ஆஸ்பத்திரியில் அவருடைய ஷூக்களைக் கொடுத்தார்கள், வலது கால் ஷூவின் அடிப்பாகம் வளைந்து போயிருந்தது. விஜயரங்கன் கல்லறைத் தோட்டத்தில் என் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுத அழுகையை இன்றைக்கும் ராமநாதபுரத்தில் ஞாபகம் வைத்திருப்பவர்கள் உண்டு. கொஞ்ச நாளில் வீட்டுக்கு வந்தார். வெல்வெட் துணி வைத்த சின்னப் பெட்டி. உள்ளே சிவப்பு எனாமல் பூசிய ஜே எழுத்து, வால் பக்கம் காளைக் கொம்பு மாதிரி வளைந்து. “இனிமே சீலன் பேரு ஊரெல்லாம் ஓடும் சலோமி,” என்றார். கம்பெனி டெலிபோன் போர்டில் எனக்கு வேலையும் போட்டுக் கொடுத்தார். நான் கும்பிட்டேன். ஆமாம், எழுந்து நின்று கும்பிட்டேன். பெருமையாக இருந்தது. புருஷன் செத்தால் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் கிடைப்பது வெள்ளைப் புடவை, எனக்கு ஒரு எழுத்து. தெருவில் கறுப்பு ரிஷபா போனால் பியூலாவை இடுப்பில் தூக்கிக் காட்டுவேன், அப்பா போறாரு பாரு, டாட்டா சொல்லு. அவளும் கையை ஆட்டுவாள், போகிற வண்டியின் முதுகைப் பார்த்து. மேலே இருந்து வேண்டாம் என்றவர்கள் இப்போது புத்தி வந்து பிரேக்கை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். நினைக்கவில்லை, நம்பினேன். நம்பக்கூட இல்லை, அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. அந்த எழுத்து இருக்கிறதே, அவர் பேரையே போட்ட பிறகு அவர் கேட்டதைப் போடாமலா இருப்பார்கள்.

சம்யுக்தா போனை நீட்டுகிறாள். இதான் ஆன்ட்டி இன்னைக்கு ஓடப்போற படம். இளவட்டங்கள் கடற்கரையில் ஓட்டுகிறார்கள், ஒரு குரல் சொல்கிறது, ஜே என்றால் ஜோஷ், ஜே என்றால் ஜாலி, ஜே என்றால் ஜெயம். கடைசியில் ஒரு விநாடி அவருடைய படம், சோழவரத்தில் எடுத்தது, ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. வாங்கப் போகிறவர்களைக் கேட்டுப் பார்த்தார்களாம், யாருக்கும் அவரைத் தெரியவில்லையாம், அதனால் ஜேவுக்குக் கொஞ்சம் புது அர்த்தமும் கொடுத்திருக்கிறோம் என்கிறாள், கோபித்துக்கொள்வேனோ என்று பார்த்தபடி. எனக்கு என்ன கோபம். முன்பே எத்தனையோ அர்த்தம் பார்த்துவிட்டேன். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் அந்த எழுத்தைத் தகரத்தில் வெட்டி விற்றார்கள். சாதா ரிஷபா வைத்திருந்தவர்கள் வாங்கி ஒட்டிக்கொண்டார்கள், பிறகு ஆட்டோக்காரர்கள், பிறகு பிராய்லர் கோழி ஏற்றிப் போகிற ஒரு வேன். அந்த வேனைப் பார்த்துத்தான் அவர் போன பிறகு முதல்தடவையாக வாய்விட்டுச் சிரித்தேன். இப்போது அசல் ஜேவுக்குப் பெரிய மதிப்பாம். மெட்ராஸிலிருந்து பழைய கார் சேகரிக்கிற ஒருத்தர் வந்தார், எழுத்தைக் கழற்றினால் அடியில் தகட்டில் இரண்டு துளை இருக்கும், அசலுக்கு அதுதான் அடையாளம், போலியில் இருக்காது என்று கண்ணை மூடிக்கொண்டு பக்தியோடு விளக்கினார். காபி கொடுத்து அனுப்பினேன். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். போலி வண்டிகள் யாரையும் கொல்லவில்லை. சின்ன எஞ்சின், மெதுவாகப் போகும், பழைய பிரேக் அதற்குப் போதும், நின்றுவிடும். அசல்தான் நிற்காது. அசலின் அடையாளம் துளையில் இல்லை.

டெலிபோன் போர்டில்தான் எனக்கு அது தெரிந்தது. ரிஷபா மோட்டார்ஸ் வணக்கம், என்று சொல்லி யார் வேண்டும் என்று கேட்டு, கம்பியை அவர்கள் துளையில் செருகி லைன் போட வேண்டும். வருகிற போனில் ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானல் என்று மலைப்பக்கத்து ஆட்களின் குரல் கூடியது. ஜே வண்டிங்க, இறக்கத்துல மிதி தணிஞ்சு போகுதுங்க. சர்வீஸுக்குப் போடுகிறேன் என்று போடுவேன். முதல் போன் வந்த அன்றைக்குச் சாப்பிடக்கூடப் போகவில்லை. மத்தியானம் ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டேன், பழைய ஆட்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தர் மட்டும், எல்லாம் பழசுதாம்மா, பெயிண்டும் எழுத்தும்தான் புதுசு என்றார். அவருடைய பேரை அவரைக் கொன்ற வண்டியின் முதுகில் ஒட்டி, அதை அப்படியே விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் அதற்கு டாட்டா காட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பெரியவரைப் பார்க்கப் போனேன், பார்க்க முடியவில்லை. விஜயரங்கனைப் பார்த்தேன். அப்பாகிட்ட பேசிட்டிருக்கேன் சலோமி, அடுத்த வருஷ வண்டிக்கு வந்துரும், என்றார் வருத்தமாக. அந்த வருத்தத்தை நம்பினேன். அடுத்த வருஷத்துக்குள் ஈரோட்டில் ஒரு டாக்டர் பையன், படித்து முடித்துப் புதிதாக வண்டி வாங்கினவன், திம்பம் மலையில் இறங்கும்போது போய்விட்டான். பேப்பரில் படம். வண்டி தலைகீழாக, பின்பக்கம் மட்டும் நசுங்காமல், எழுத்து நன்றாகத் தெரிகிற மாதிரி. பிறகு ஒரு நாள் போர்டில் ஒரு பெண்ணின் குரல், ஈரோட்டிலிருந்து, அந்தப் பையனுடைய அம்மா. அழுகை இல்லை, சண்டை இல்லை. ஏனுங்கம்மா, அந்த வண்டிக்குப் பின்னாடி ஜேன்னு போட்டிருக்குதே, அது யாருங்க, அவருகிட்ட கொஞ்சம் பேசோணும் என்றது. கையில் கம்பி இருக்கிறது, எந்தத் துளையில் போடுவது என்று தெரியவில்லை. “அது எங்க வீட்டுக்காரருங்க. அவரும் செத்துட்டாரு. அதே வண்டியிலதான்,” என்றேன்.  உங்களுக்குக் குழந்தை இருக்குதுங்களா என்று கேட்டது. இருக்குதுங்க என்றேன். சரிங்க என்று வைத்துவிட்டது. யாரோ பக்கத்து லைனில் கேட்டிருக்கிறார்கள். மறுநாளே என்னை போர்டிலிருந்து எடுத்து கேன்டீனில் டோக்கன் கிழிக்க உட்காரவைத்தார்கள். ரிட்டயர் ஆகிற வரைக்கும் அங்கேதான். களைச்சுப் போயிருக்கீங்க, கொஞ்சம் ஓய்வா இருக்கட்டும்னுதான், என்றார் விஜயரங்கன். அந்தப் பாழாய்ப்போன கனிவு.

பீளமேடு தாண்டிவிட்டது.  ஏனோ இந்தப் பெண்ணிடம் கேட்கிறேன், சாதா ரிஷபாவுக்கும் இந்த ஜேவுக்கும் என்ன வித்தியாசம் கண்ணு. உற்சாகமாகச் சொல்கிறாள், இழுவை கூட, சீட்டில் சிவப்புத் தையல், சக்கரம் பெரிசு, பேட்ஜ். பிரேக்? ஒரு கணம் யோசிக்கிறாள். பிரேக் சாதா வண்டியோடதுதாங்க ஆன்ட்டி, ஆனா அதுவே நல்லாப் பிடிக்கும். இருக்கலாம். இந்தக் காலத்துப் பிரேக் நன்றாகவே இருக்கலாம், எனக்கு என்ன தெரியும். அப்போதும் இதையேதான் சொன்னார்கள். வாய் தானாகத் திறந்துகொண்டது. பர்லியார், திம்பம், அந்த அம்மாவின் போன், எல்லாம் சொன்னேன். இறக்கி வைத்தால் லேசாகும் என்பார்கள், ஆகவில்லை. டிரைவர் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துவிட்டு ஏசியைக் குறைத்தான்.  சம்யுக்தா போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். ஹோப் காலேஜ் பக்கம் வந்ததும் என் பக்கம் திரும்பினாள். “ஆன்ட்டி, மேடையில இதைச் சொல்லிறாதீங்க. உங்களைக் கூப்பிடலாம்னு சொன்னதே நாந்தான். அப்பா படுக்கையில இருக்காருங்க, இந்தச் சம்பளத்துலதான் எல்லாம்.” அவள் கண்ணில் நீர் இல்லை, பயம்தான் இருந்தது. இந்தப் பயத்தை எனக்குத் தெரியும். டோக்கன் கிழித்த இத்தனை வருஷமும் இதை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் இந்த முதலாளிகள் நமக்கும் தங்களுக்கும் நடுவில் இன்னொருத்தியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். பெரிய மனுஷன் மேல் எறிகிற கல் முதலில் இவள் மேல் படும். சொல்லவா வேண்டாமா என்று மனசு போய்ப் போய்த் திரும்பி வருகிறது.  வண்டி சத்தமில்லாமல் அரங்கத்து வாசலில் நின்றது.

வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. கறுப்பு வண்டி, மேடையில் மெதுவாகச் சுற்றி, பின்பக்கத்தைக் காட்டி நின்றது. நிகழ்ச்சியை நடத்துகிற பையன் ஏதேதோ சொல்லி என் கையில் ஒரு மைக்கையும் எழுத்தையும் கொடுத்தான். எழுத்து எடையே இல்லாமல் இருந்தது, பிளாஸ்டிக். சக்கர நாற்காலியில் விஜயரங்கனைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இளைத்து, காது மட்டும் பெரிசாகி, கை நடுங்குகிறது. பெரியவர் போய் எவ்வளவோ காலம் ஆகிறது, இப்போது இவர்தான் சேர்மன். என் கையைப் பிடித்துக்கொண்டார். சீலனுக்காக ஒட்டுங்க சலோமி என்றார். மேடைக்குக் கீழே ஓரத்தில் சம்யுக்தா நிற்பது தெரிந்தது, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. மைக்கின் வாயைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி அழுத்திப் பிடித்தேன். குனிந்தேன். கூட்டத்துக்கு ஏதோ காதில் சொல்கிற மாதிரி இருந்திருக்கும்.

“அவரு கேட்டது பிரேக்குங்க.”

“தெரியும்,” என்றார்.

“பெரியவரு ஏன் வேண்டாம்னாரு? இத்தனை வருஷம் கழிச்சாவது சொல்லுங்க.”

என்னைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தார். சொல்லமாட்டார் என்று நினைத்தேன். சாகப்போகிறவர்களுக்கு வருகிற ஒரு தைரியம் இருக்கிறதே, அது வந்துவிட்டது போலிருக்கிறது. “அப்பா சரின்னுட்டார். செலவானா ஆகட்டும், போட்டுரு அப்படின்னார். நாந்தான் வேண்டாம்னேன். டெல்லி கண்காட்சிக்கு வண்டி போயாகணும். பிரேக்குக்குன்னு நின்னிருந்தா அந்த வருஷம் போயிருக்கும். பிரேக் வெளியே தெரியாதுங்க சலோமி. எழுத்துதான் தெரியும்.”

மேலே என்றால் இவர். மேஜைக்கு மேலே மீன்குழம்பைப் பிசைந்துகொண்டிருந்த கை. சீலனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ராத்திரி வந்து, மேலே வேண்டாம் என்கிறார்கள் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார், சிநேகிதனைக் காட்டிக்கொடுக்காமல். எதற்காக அந்த மரியாதை. அடுத்த நாள் அதே வண்டியில் ஏறி உட்கார்ந்தது எதற்காக. செத்தவர் மேலும் இருக்கிறவர் மேலும் ஒரே சமயத்தில் கோபம் வந்தது, எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. நாற்பது வருஷம் ஒரு கஞ்சக் கிழவரைச் சபித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஈரோட்டு அம்மாவின் லைனை இவருக்குப் போட்டிருக்க வேண்டும். நடுங்குகிற அந்தக் கையை விரித்து எழுத்தை உள்ளே வைத்து விரல்களை மூடினேன்.

“உங்க எழுத்தை ஒட்டிக்குங்க,” என்றேன்.

கைதட்டினார்கள். கணவனின் பேரை முதலாளியின் கையிலேயே ஒப்படைக்கிற மனைவி என்று அந்தப் பையன் மைக்கில் உருகினான். எழுந்து நின்றுகூடக் கைதட்டினார்கள் சிலர். நான் பக்கவாட்டுப் படியில் இறங்கி, சமையல் சாமான் கொண்டுபோகிற வழியாக வெளியே வந்தேன். வெயில் சுள்ளென்று இருந்தது. பின்னாலேயே சம்யுக்தா ஓடிவந்தாள், மேடையில் எனக்குப் போட வைத்திருந்த சால்வையும் ஒரு பூங்கொத்தும் எடுத்துக்கொண்டு. மைக்ல ஒண்ணும் விழலைங்க ஆன்ட்டி, ரொம்ப தேங்க்ஸ் என்றாள். மூச்சு வாங்கியது. சேர்மனிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். வண்டி நல்லா இருக்குன்னேன் என்றேன். அவள் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததைப் பார்த்தேன். வீட்டுக்குக் கார் சொல்லட்டுமா என்றாள், வேண்டாம், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்தாள். நடந்துகொண்டே, கொஞ்சம் வெட்கத்தோடு, தானும் ஒரு ஜே புக் பண்ணியிருப்பதாகச் சொன்னாள். வேலை செய்கிறவர்களுக்கு விலையில் கழிவு உண்டாம். அப்பாவுக்கு ஒரு தடவை வால்பாறை மலையைக் காட்டிவிட வேண்டும் என்று ஆசையாம்.

உள்ளே மறுபடியும் கைதட்டல் எழுந்தது. வேறு யாரோ ஒட்டிவிட்டார்கள்.

“இறக்கத்துல மெதுவா வா கண்ணு,” என்றேன்.

“சரிங்க ஆன்ட்டி,” என்றாள். வயசானவர்கள் எதைச் சொன்னாலும் சொல்கிற சரி. போனில் யாரோ கூப்பிட்டார்கள், எடுத்துப் பேசிக்கொண்டே அரங்கத்துப் பக்கம் திரும்பி ஓடினாள்.